ஏழே முக்காலுக்குச் சந்திப்போமா?

இத்தாலிய நிறுவனத்தோடு காணொளிச் சந்திப்பு என்றாலும், ரோமில் நண்பர்களோடு இரவு உணவு என்றாலும், முதலில் தேவைப்படும் கேள்வி ஒன்றுதான்: ‘ஆ கே ஓரா ச்சி வெதியாமோ?’ எத்தனை மணிக்குச் சந்திப்போம்?

கிழமைப் பெயர்கள் தமிழருக்கு எளிது. நிலவின் பெயரால் நாம் திங்கள் என்கிறோம். நிலவை ‘லூனா’ என்று அழைக்கும் இத்தாலியர் அந்த நாளை ‘லுனெதி’ என்கிறார்கள். செவ்வாய் ‘மர்த்தெதி’, புதன் ‘மெர்க்கோலெதி’, வியாழன் ‘ஜொவெதி’, வெள்ளி ‘வெனெர்தி’. நமக்கும் அவர்களுக்கும் அதே கிரகங்கள்தாம். வார இறுதியில்தான் பிரிகிறோம்: சனி ‘சாபத்தோ’, ஓய்வு நாள், ஞாயிறு ‘தொமேனிக்கா’, ஆண்டவரின் நாள்.

அடுத்து மணி. ‘ஏழு மணிக்கு’ என்பது ‘ஆல்லே செத்தே’. சிரிக்காதீர்கள், ‘செத்தே’ என்றால் ஏழு! ஏழே கால் ‘செத்தே எ உன் குவார்த்தோ’. ஏழரை ‘செத்தே எ மெட்சா’. ஏழே முக்காலை நம்மைப் போலவே ‘செத்தே எ த்ரே குவார்த்தி’ என்போரும் உண்டு. ஒரு மணிக்கு மட்டும் ‘ஆல்லூனா’.

கவனம் தேவைப்படும் சொல் ‘மேனோ’. குறைய என்று பொருள். ‘ஒத்தோ மேனோ தியேச்சி’ என்றால் எட்டுக்குப் பத்து நிமிடம் குறைய, அதாவது 7.50. எட்டும் பத்தும் மட்டும் காதில் விழுந்தால் 8.10 என்று எண்ணி, 20 நிமிடம் தாமதமாகப் போய் நிற்போம். ரயில் அதற்குள் போயிருக்கும். ஐயம் இருந்தால் நேரத்தை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ரயில் அட்டவணையில் இரவு 7.50 என்பது 19.50 என்றே இருக்கும்.

மரியாதையும் முக்கியம். ‘லே வா பேனே ஆல்லே தியேச்சி?’ என்றால், பத்து மணி உங்களுக்குச் சரிப்படுமா? நெருங்கிய நண்பர் என்றால் ‘லே’ போய் ‘தி’ வரும்: உனக்குச் சரிப்படுமா?

இங்கிருந்து பேசுவோர், ‘ஓரா இத்தாலியானா’, இத்தாலிய நேரமா என்று கேட்டுவிடுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மலேசியாவும் சிங்கப்பூரும் அவர்களைவிட 6 மணி நேரம் முன்னே. மற்ற மாதங்களில் 7 மணி நேரம். அவர்களின் காலை 9 மணி, செப்டம்பரில் நமக்குப் பிற்பகல் 3; நவம்பரில் 4.

இவ்வாரப் பயிற்சி: ‘வியாழக்கிழமை ஏழே முக்காலுக்குச் சந்திப்போம்.’ இத்தாலிய மொழியில் சொல்லிப் பாருங்கள். வேண்டிய சொற்கள் எல்லாம் மேலேயே இருக்கின்றன.