காலி நாற்காலி யாருடையது?

சொகுசுக் கப்பல் விளம்பரங்களில் நீலக் கடல் இருக்கும், நீச்சல் குளம் இருக்கும், மாலை வெயிலில் கைகோத்து நிற்கும் தம்பதி இருப்பார்கள். ஏறிய நாளின் மதியச் சாப்பாடு மட்டும் இருக்காது. காரணம் உண்டு. முந்தைய பயணத்துக்காரர்கள் அன்று காலையில்தான் இறங்கியிருப்பார்கள். அறைகளைச் சுத்தம் செய்து முடிக்கப் பிற்பகல் ஆகிவிடும். பெரிய பெட்டிகளை ஊழியர்கள் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். கைப்பை, முதுகுப்பை, மருந்துப் பை, தூங்கி வழியும் குழந்தை ஆகியவற்றுடன், வரிசைகளில் நின்று களைத்த பயணிகள் பசியோடு ஏறுகிறார்கள். அவர்கள் போவதற்கு இருக்கும் இடம் பெரும்பாலும் மேல்தளத்து பஃபே கூடம்தான். கப்பலில் பாதிப் பேர் ஒரே மணி நேரத்தில் அங்கே கூடிவிடுகிறார்கள்.

உள்ளே நுழையும் குடும்பம் உணவைத் தேடுவதில்லை. முதலில் மேஜையைத் தேடுகிறது. கிடைத்தவுடன் நான்கு நாற்காலிகளில் நான்கு பைகள் அமர்கின்றன. ஒருவர் காவலுக்கு நிற்க, மற்றவர்கள் முப்பது வகைப் பதார்த்தங்களையும் சாவகாசமாகப் பார்வையிடப் போகிறார்கள். அதே நேரத்தில் தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க, உட்கார இடம் தேடி ஒரு முதியவர் மேஜைகளுக்கு நடுவே சுற்றி வருகிறார். காலி நாற்காலிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் ஒவ்வொன்றையும் நெருங்கும்போது ஒரே பதில்தான்: "ஆள் வருது."

இது ஏதோ அமெரிக்கப் பணக்காரர்களின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 1990இல் கட்டப்பட்ட அந்தக் கப்பலில் சுமார் 1,800 பயணிகள் செல்லலாம். மாம்பலத்துக் குடும்பங்களும் பஃபே கூடத்தில் மேஜை தேடும் காலம் வந்துவிட்டது. தவிர, இந்தக் காட்சியைப் பார்க்கத் தில்லிவாசி கப்பல் ஏற வேண்டியதும் இல்லை. குளிர்காலத்தில் ஏதேனும் ஒரு கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐ.என்.ஏ. சந்தைக்கு எதிரே உள்ள தில்லி ஹாட்டின் உணவுக் கடைகளுக்குப் போனாலும் போதும். ஆளே இல்லாத நாற்காலியைக் காட்டி, "யஹாங் கோயீ ஹை" என்பார்கள். அதாவது, இங்கே ஒருவர் இருக்கிறார்! அத்வைதம் படித்தவர்கள்கூடச் சற்றுத் திகைக்கும் வாக்கியம்.

'பஃபே' என்ற பிரெஞ்சுச் சொல் முதலில் ஒரு மரச்சாமானைத்தான் குறித்தது. சுவரோரமாக நின்று பாத்திரங்களையும் பண்டங்களையும் தாங்கும் அலமாரி மேஜை அது. பிறகு அதிலிருந்து எடுத்துச் சாப்பிடும் விருந்துக்கும் அதுவே பெயராயிற்று. உணவு எங்கே இருக்கும் என்பதைச் சொல்லும் அந்தச் சொல், உண்பவர் எங்கே இருப்பார் என்பதைச் சொல்லவில்லை. தமிழில் இதற்கு நிலைத்த சொல் ஒன்று இன்னும் அமையவில்லை. கல்யாண வீடுகளில் 'கையேந்தி பவன்' என்று கேலியாகச் சொல்லிச் சமாளித்துக்கொள்கிறோம்.

நம் பழைய நூல்களில் இதற்கு வழி இருக்கிறதா என்று பார்த்தால், பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ஆசாரக்கோவை நினைவுக்கு வருகிறது. பெருவாயின் முள்ளியார் எழுதிய நூறு வெண்பாக்களில் சாப்பாட்டு ஒழுங்குக்குத் தாராளமாகவே இடம் இருக்கிறது. நின்றுகொண்டு உண்ணக் கூடாது என்கிறார். பஃபேயின் கதை அங்கேயே முடிந்தது. பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கு முன் உண்ணத் தொடங்காதே, முன்னதாக எழுந்திருக்காதே, நெருக்கி உட்காராதே என்கிறார். விருந்தினர், மூத்தோர், பிள்ளைகள், பசு, பறவை ஆகியோருக்குக் கொடுத்த பிறகே உண்ண வேண்டும் என்கிறார். திருக்குறளிலும் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் அது விருந்தளிப்பவருக்கான அதிகாரம். முன்பின் அறியாத இரண்டு விருந்தாளிகள் ஒரு நாற்காலியின் இரு பக்கமும் நின்றால் என்ன செய்வது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எழுத அவசியமும் நேரவில்லை. அந்தக் கவலை விருந்தளிப்பவருடையது.

நம் பந்தி முறை அப்படித்தான் இயங்கியது. பந்தி விசாரிப்பவர் என்று ஒருவர் இருப்பார். பெண்ணின் மாமாவோ சித்தப்பாவோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரை எங்கே உட்காரவைப்பது என்று பார்த்துக்கொள்வார். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இலை விழும். எல்லோரும் ஏறக்குறைய ஒன்றாக எழுவார்கள். அடுத்த பந்திக்காரர்கள் சில சமயம் நாற்காலியின் பின்னாலேயே வந்து நின்று, பாயசம் வரை வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பது உண்டு. சாப்பிடுபவனுக்குச் சங்கடம்தான். இருந்தாலும் ஒரு நிச்சயம் இருந்தது: இந்தப் பந்தி முடியும், அடுத்தது தொடங்கும், எனக்கும் ஓர் இலை உண்டு.

பஃபேயில் பந்தி விசாரிப்பவர் இல்லை. பரிமாறுபவரும் நாமே, விருந்தாளியும் நாமே. தொடக்கமும் முடிவும் இல்லாததால், தனக்கு இடம் கிடைக்குமா என்ற பயம் ஒவ்வொருவருக்கும் வருகிறது. அந்தப் பயம்தான் பையை எடுத்து நாற்காலியில் வைக்கிறது.

ஆகவே பந்திக்கே திரும்பிவிடலாம் என்று சொல்ல வருவதாக நினைக்க வேண்டாம். பந்திக்கு இன்னொரு முகமும் இருந்தது. யாரை எங்கே உட்காரவைப்பது என்று பார்த்தவர், யாரை உட்காரவைக்கக் கூடாது என்றும் பார்த்தார். வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியே சாப்பாடு போடப்பட்டது 1920களின் நடுவில் தமிழகத்தையே உலுக்கிய விவகாரம். தேசியக் கல்வி தரப் பொது நிதியில் நடந்த பள்ளியிலேயே இந்த நிலை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் இருந்தது. அது ஒழிய 1941 வரை ஆயிற்று. கேரளத்தில் செறாயி என்ற ஊரில் 1917இல் சகோதரன் அய்யப்பன் பல சாதியாரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பிடச் செய்தார். அதற்காக அவர் சொந்தச் சாதியாராலேயே ஒதுக்கப்பட்டார். டீக்கடைகளின் இரட்டைக் குவளையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இந்த நாட்டில் அறிமுகமில்லாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது தானாக வந்த உரிமை அல்ல. அதற்காகப் பலர் ஏச்சு வாங்கியிருக்கிறார்கள், அடி வாங்கியிருக்கிறார்கள்.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் பஃபே செய்த நன்மை பெரியது. கரண்டியை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். பக்கத்தில் நிற்பவர் எந்த ஊர், என்ன குலம் என்று எவரும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நான்கு பைகளை வைத்து ஒரு வேலி போடும்போது, தெரியாதவர் பக்கத்தில் உட்காரக் கூடாது என்ற பழைய கூச்சத்துக்கு நாம் புதிய உடை உடுத்துகிறோமோ என்ற சந்தேகம் எழுகிறது. பை வைப்பவர் சாதியை நினைத்து வைப்பதில்லை என்பது உண்மை. அவர் நினைப்பது தன் குடும்பத்தை மட்டுமே. ஆனால் தட்டோடு சுற்றும் மனிதருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்.

இடம் பிடிப்பது உலக வழக்கம்தானே என்று கேட்கலாம். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த பரம்பரை நாம். நமக்கு இதில் பாடம் எடுக்க எவரும் தேவையில்லை. சிங்கப்பூரில் இதற்கு 'சோப்' என்றே ஒரு சொல் உண்டு. அங்காடி உணவு நிலையங்களில், தேக்கா சந்தை உட்பட, மேஜைமேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போவார்கள். அதை யாரும் தொடமாட்டார்கள். ஆனால் அந்த வழக்கத்துக்கு ஒரு மறுபாதி இருக்கிறது. வைத்தவர் ஒரு தட்டு உணவு வாங்கிக்கொண்டு சீக்கிரம் திரும்புகிறார், சாப்பிடுகிறார், எழுந்து போகிறார். மேஜையில் மிச்ச நாற்காலி இருந்தால் வேறொருவர் கேட்டு உட்கார்ந்துகொள்வதும் அங்கே சகஜம். சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பதும் 2021 முதல் சட்டப்படி கட்டாயம். கப்பலிலும் கல்யாணத்திலும் நாம் முதல் பாதியை மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

மறுபாதியைக் கற்கத் தில்லியிலேயே இரண்டு நல்ல பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. ஒன்று அசோகா சாலையில் உள்ள ஆந்திரா பவன் கேன்டீன். மதிய நேரத்தில் அங்கே தனி மேஜை என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்த நாற்காலி காலியாகிறதோ அதில் உட்கார வேண்டும். அமைச்சக அதிகாரி, கல்லூரி மாணவி, வழக்குக்காக ஊரிலிருந்து வந்தவர் என்று யார் வேண்டுமானாலும் எதிரே இருக்கலாம். பருப்புப் பொடிக் கிண்ணத்தை நகர்த்திக் கொடுப்பதோடு உறவு தொடங்கி, சாப்பிட்டு முடித்ததும் முடிந்துவிடும். அங்கே வெட்டிப் பேச்சுப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் மிகக் குறைவு. பின்னால் காத்திருக்கும் பசியை எல்லோரும் பார்க்க முடிகிறது.

இன்னொன்று பங்களா சாஹிப் குருத்வாராவின் லங்கர். மூன்றாம் குரு அமர்தாஸ் காலத்திலிருந்து, முதலில் பங்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு, பிறகு குருவைப் பார் என்பது சீக்கிய மரபு. அக்பரும் அப்படித்தான் தரையில் உட்கார்ந்தார் என்று அந்த மரபு சொல்கிறது. இன்றும் கூடத்தின் கதவு திறந்ததும் வருகிற வரிசைப்படி பாய்களில் உட்கார வேண்டியதுதான். பின்னால் வரும் மைத்துனருக்காக இடம் போட்டுவைக்க முடியாது. ரொட்டி கேட்பவர் இரு கைகளையும் நீட்டி வாங்கிக்கொள்கிறார். முடிந்ததும் எழுந்துவிட வேண்டும். தரையைத் துடைத்து அடுத்த வரிசைக்கு வழிவிடுகிறார்கள். நம் பந்தியின் ஒழுங்கும் பஃபேயின் திறந்த கதவும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. காசு கொடுத்த கப்பல் பயணத்தில் இலவச லங்கரின் பண்பை எதிர்பார்ப்பது அதிகமோ என்று தோன்றலாம். ஆனால் கப்பலில் எல்லோரும்தான் காசு கொடுத்திருக்கிறார்கள். தட்டோடு நிற்பவரும் டிக்கெட் வாங்கித்தான் ஏறியிருக்கிறார்.

குடும்பமாகப் போகிறவர்கள் சேர்ந்து உட்கார விரும்புவதில் தவறில்லை. முழங்கால் வலிக்கும் அம்மாவையோ கைக்குழந்தையோடு இருப்பவரையோ ஓரிடத்தில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் உணவு எடுத்துவருவது நியாயமே. அங்கே நாற்காலி ஒரு மனிதருக்குப் பயன்படுகிறது. ஆள் ஒருவரும் இல்லாமல் வெறும் சால்வையை வைத்துவிட்டு மொத்தக் குடும்பமும் அரைமணி நேரம் உலாவுவதுதான் அநியாயம். கூட்டம் நெரியும் நாளில் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து உட்கார்ந்தால் குடும்பம் சிதறிவிடாது. இரவுச் சாப்பாடு இருக்கிறது. ஆறு பேர் மேஜையில் இருவர் இருந்தால், எதிரே நிற்பவரைப் பார்த்து, "வாங்க, உட்காருங்க" என்று நாமே சொல்லலாம். கேட்கவேண்டிய சங்கடம் அவருக்கு மிச்சம். கேட்பவரும் நாற்காலியை இழுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். பை மடியிலோ காலடியிலோ இருக்கட்டும். அறை தயாராகும் வரை பொழுது போக வேண்டுமென்றால் கப்பலின் மேல்தளம் விசாலமானது. காப்பிக் கோப்பையோடு அங்கே போய் உட்காரலாம்.

இன்னொரு விஷயத்தில் கப்பல்காரர்களும் நம் பாட்டிகளும் ஒரே கட்சி. இரண்டாம் முறை எடுக்கப் போகும்போது சாப்பிட்ட தட்டைக் கொண்டுபோகாதே, புதுத் தட்டு எடு என்று கப்பல்களில் சொல்கிறார்கள். வயிற்றைக் கலக்கும் நோரோ வைரஸ் ஒருவரிடமிருந்து கப்பல் முழுக்கப் பரவிய அனுபவம் அவர்களுக்கு உண்டு. அமெரிக்க அரசு 1975 முதல் கப்பல் சுகாதாரத்துக்கென்றே தனித் திட்டம் நடத்திவருகிறது. பாட்டி அதை எச்சில் என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். சாப்பிட்ட கையால் பொதுக் கரண்டியைத் தொடக் கூடாது என்பதற்கு அவளிடம் ஆய்வுக்கூடம் இல்லை. முறைத்துப் பார்க்கும் கண் இருந்தது.

அந்தக் கண் இப்போது பஃபே கூடங்களில் இல்லை. பந்தி விசாரிக்கும் மாமாவும் இல்லை. அவர்கள் செய்த வேலையைச் சாப்பிடுகிற நாமே பங்கு போட்டுச் செய்யவேண்டியிருக்கிறது. பெரிய வேலை ஒன்றுமில்லை. தட்டோடு ஒருவர் நம் பக்கம் பார்க்கும்போது, நாமும் அவரைப் பார்க்க வேண்டும். பிறகு பையை எடுத்துக் கீழே வைக்க வேண்டும்.