பறக்கும் தட்டு: நம்புவதா, நகைப்பதா, விசாரிப்பதா?

ராத்திரி நேரத்தில் ஆகாயத்தை அதிகமாகப் பார்ப்பவர்கள் யார்? பங்களாவில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர்கள் அல்ல. விடியுமுன்பே தூத்துக்குடி உப்பளங்களுக்கு நடக்கிற ஆண்களும் பெண்களும் பார்க்கிறார்கள். சாயர்புரத்திலிருந்து ஏரல் வரை வாழைக்கும் நெல்லுக்கும் முறைத்தண்ணீர் பாய்ச்ச விழித்திருக்கும் விவசாயத் தொழிலாளிகள் பார்க்கிறார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பும் மில் தொழிலாளிகளும், வலை போட்டுவிட்டுப் படகில் காத்திருக்கும் மீனவர்களும் பார்க்கிறார்கள்.

இவர்களில் ஒருவர் என்றைக்காவது ஒரு நாள், "வானத்தில் விசித்திரமான வெளிச்சம் ஒன்றைக் கண்டேன்" என்று சொல்கிறார். உடனே என்ன நடக்கிறது? படித்தவர் சிரிக்கிறார். யூடியூப் வியாபாரி அதை "வேற்றுக் கிரகவாசிகள் வந்துவிட்டார்கள்" என்று காசாக்குகிறார். கண்டவர் வாயை மூடிக்கொள்கிறார். சிரிப்பும் வியாபாரமும் நடக்கின்றன. விசாரணை மட்டும் நடப்பதில்லை.

இந்தப் பறக்கும் தட்டு விவகாரத்தைப் பற்றித் தோழர்கள் பல கேள்விகள் கேட்கிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

இந்தப் பேச்சு எங்கே தொடங்கியது?

1947 ஜூன் 24-ம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில், கென்னத் ஆர்னால்டு என்ற வியாபாரி தன் சிறு விமானத்தை ஓட்டிச் சென்றார். ரெய்னியர் மலைப் பக்கம் பளபளக்கும் ஒன்பது பொருள்கள் வேகமாகப் போவதைக் கண்டதாகச் சொன்னார். தண்ணீர்மேல் தட்டை வீசினால் எப்படித் தத்திச் செல்லுமோ, அப்படிச் சென்றன என்றார். அவர் சொன்னது போன விதத்தை. பத்திரிகைகளோ அதை உருவமாக்கி, "பறக்கும் தட்டு" என்று கொட்டை எழுத்தில் போட்டன. அதன் பிறகு பார்த்தவர்களுக்கெல்லாம் தட்டாகவே தெரிந்தது!

நம் பாட்டன் காலத்தில் சதுப்பு நிலத்தில் மினுக்கிய வெளிச்சத்துக்குக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெயர். சேற்றில் மக்கும் செடிகொடிகளிலிருந்து எழும் வாயு எரிவதே அது என்று வெகுகாலமாக விளக்கம் சொல்லப்படுகிறது. பேய்க் கதை கேட்டவன் பேயைக் கண்டான். விமானமும் ராக்கெட்டும் வந்த காலத்தில் இன்னொருவன் விண்கப்பலைக் காண்கிறான்.

அப்படியானால் கண்டவர்கள் பொய்யர்களா?

இல்லவே இல்லை. இதில் சரித்திரம் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது.

1768-ல் பிரான்ஸ் தேசத்தில் லூசே என்ற ஊரில் அறுவடை செய்துகொண்டிருந்தவர்கள், இடிமுழக்கத்தோடு ஒரு கல் வானத்திலிருந்து விழக் கண்டார்கள். பாரிஸ் விஞ்ஞானக் கழகம் அந்தக் கல்லைப் பரிசோதிக்கக் கமிட்டி போட்டது. கமிட்டியில் இருந்தவர்களில் ஒருவர் நவீன ரசாயனத்தின் தந்தை என்று புகழப்படும் லவாய்சியர். "இது சாதாரணக் கல், மின்னல் தாக்கியிருக்கலாம், வானத்திலிருந்து விழவில்லை" என்று முடிவு சொன்னார்கள். வானத்தில் ஏது கல், பட்டிக்காட்டான் பேச்சை யார் நம்புவார் என்பதே அந்நாளைய படித்தவர்களின் எண்ணம்.

1803 ஏப்ரல் 26-ம் தேதி நார்மண்டியில் லெய்கிள் என்ற ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கான கற்கள் பொழிந்தன. இந்தத் தடவை பியோ என்ற இளம் விஞ்ஞானி பாரிஸில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லவில்லை. நேரே கிராமங்களுக்குப் போனார். ஊர் ஊராக ஜனங்களின் வாக்குமூலத்தை வாங்கி ஒன்றோடொன்று ஒப்பிட்டார். கற்கள் விழுந்த பரப்பை வரைபடமாக்கினார். விண்கல் உண்மை என்று விஞ்ஞான உலகம் ஒப்புக்கொண்டது.

அறுவடைக்காரரின் கண் சரியாகவே கண்டது. படித்தவரின் அகம்பாவம் 35 ஆண்டு காலம் வழியை மறித்து நின்றது. கண்டவரை நகைப்பது விஞ்ஞானம் ஆகாது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

ஆனால் அவர்கள் கண்டது என்ன?

இங்கேதான் கவனம் தேவை. கண் பொய் சொல்வதில்லை. கண்டதற்கு நாம் வைக்கும் பெயர்தான் தவறிப்போகிறது. வெள்ளியும் வியாழனும் அடிவானத்தில் விளக்குப்போல எரியும். சைக்கிளில் போகிறவரோடு கூடவே வருவதுபோலத் தோன்றும். மேகம் ஓடினால் வெள்ளி ஓடுவதாகத் தெரியும்.

பனைக்காட்டில் போகிறவர் மட்டுமா ஏமாறுகிறார்? லடாக் எல்லையில், பாங்கோங் ஏரிப் பக்கம் நம் ராணுவத்தினர் 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை வானத்தில் வெளிச்சங்களை 329 தடவை கண்டு குறித்தார்கள். அவற்றில் 155 தடவை எல்லையை மீறி வந்ததாகவும் எழுதினார்கள். சீனா அனுப்பிய உளவு விமானங்களோ என்று சந்தேகம் பிறந்தது. கடைசியில் பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகளைக் கூப்பிட்டார்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே அந்த வெளிச்சங்கள் எப்படி நகர்கின்றன என்று அவர்கள் பார்த்தார்கள். ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி என்று தெரிந்தது!

சிரிக்க வேண்டாம். அந்த எல்லையில் 1962-ல் யுத்தம் நடந்தது. 2020 ஜூனில் கல்வானில் நம் சிப்பாய்கள் 20 பேர் மாண்டார்கள். அந்த இடத்தில் ஒரு கிரகத்தை எதிரியின் விமானமென்று எண்ணித் துப்பாக்கி விசையை அழுத்தியிருந்தால்? சிப்பாய் யார்? நம் போன்ற ஏழை வீட்டுப் பிள்ளை. இரண்டு தேசத்து ஏழைப் பிள்ளைகளும் செத்திருப்பார்கள். தக்க சமயத்தில் விசாரித்ததால் சந்தேகம் தீர்ந்தது.

இன்னொரு வகை வெளிச்சம் நம் திருநெல்வேலிச் சீமைக்குப் பழக்கமானது. 1963 நவம்பர் 21-ம் தேதி சாயங்காலம், திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் புறப்பட்டது. உயரே போய் சோடியம் ஆவியைக் கக்கியது. தரையில் இருட்டுகிற நேரம். ஆனால் அத்தனை உயரத்தில் இன்னும் வெயில். அதனால் ஆவி மேகம் ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்து, மாநில எல்லை பாராமல் தென்கோடி வானத்தில் நின்றது. அந்த மேகம் காற்றில் நகர்வதை வைத்து மேல்வானக் காற்றின் வேகத்தை அளப்பதே நோக்கம். விவரம் அறியாமல் அண்ணாந்து பார்த்தவர் என்னவென்று நினைத்திருப்பார்?

சர்க்கார்கள் எதையோ மறைக்கின்றனவா?

மறைக்கின்றன. ஆனால் மறைப்பது வேற்றுக் கிரகவாசியை அல்ல. தங்கள் சொந்த ஆயுதத்தை.

1947-ல் அமெரிக்காவின் ராஸ்வெல் பக்கம் விழுந்த பொருளைப் பற்றி எத்தனை சினிமா, எத்தனை புத்தகம்! அது சோவியத் அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்க விட்ட ரகசிய பலூன் என்று அமெரிக்க விமானப்படை 1994-ல்தான் ஒப்புக்கொண்டது. யு-2 என்ற உளவு விமானம் 1950-களில், பிரயாணி விமானங்களுக்கு வெகு மேலே, 60,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் பறந்தது. சூரியன் மறைந்த பிறகும் அதன் இறக்கையில் வெயில் பட்டு மின்னியது. 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் வந்த பறக்கும் தட்டுப் புகார்களில் பாதிக்கு மேல் இத்தகைய உளவு விமானங்களே என்று சி.ஐ.ஏ. 1997-ல் வெளியிட்ட தன் சொந்த வரலாற்றுக் கட்டுரையே கூறியது. இது தெரிந்தும், புகார் செய்த ஜனங்களுக்குப் பொய்க் காரணங்கள் சொல்லப்பட்டன.

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோவியத் நாட்டிலும் 1977 செப்டம்பர் 20-ம் தேதி விடியற்காலையில் பெட்ரோசவோட்ஸ்க் நகர வானத்தில் ஜெல்லி மீன் போன்ற பேரொளி தோன்றி ஜனங்களைத் திகைக்க வைத்தது. அன்று பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து காஸ்மாஸ்-955 செயற்கைக்கோள் ஏவப்பட்டிருந்தது. அந்தத் தளமே ரகசியம். ரகசியம் எந்தக் கொடியின்கீழ் இருந்தாலும் வதந்தியையே பெற்றுப் போடும். ஆனால் அங்கே ஒரு நல்ல காரியம் நடந்தது. 1978 முதல் 1990 வரை விஞ்ஞானக் கழகமும் ராணுவமும் சுமார் 3,000 தகவல்களைச் சேகரித்து ஆராய்ந்தன. பத்தில் ஒன்பதுக்கு மேல் ராக்கெட், பலூன் போன்றவையே என்று கண்டார்கள்.

விளக்கம் கிடைக்காத மிச்சம்?

உண்டு. அமெரிக்க விமானப்படை 1969 வரை 12,618 புகார்களைப் பரிசீலித்தது. அவற்றில் 701-க்கு விளக்கம் கிடைக்கவில்லை. பிரெஞ்சு விண்வெளி நிறுவனம் 1977 முதல் இதற்கென்றே ஒரு பிரிவு வைத்து, விசாரணை முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிடுகிறது. அங்கே நன்றாக விசாரித்தும் பிடிபடாதவை நூற்றுக்குச் சுமார் மூன்று. நாசா நியமித்த குழு 2023 செப்டம்பரில் அறிக்கை தந்தது. வேற்றுக் கிரகவாசிகள் என்பதற்கு அத்தாட்சி இல்லை, கிடைத்த தகவல்கள் மோசமானவை, கண்டவர் கூச்சமின்றிச் சொல்லும் நிலை வரவேண்டும் என்றது.

"விளக்கம் இல்லையே, அப்படியானால் அவர்கள்தானே?" என்று கேட்கிறார்கள். மில்லில் ஒரு ராத்திரி நூல் ஓயாமல் அறுந்துகொண்டே இருக்கிறது, காரணம் பிடிபடவில்லை. "பேய் அறுக்கிறது" என்று மேஸ்திரி சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? ஈரப்பதத்தைப் பார், ஸ்பிண்டிலைப் பார், பஞ்சைப் பார் என்போம். காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றுதான் பொருள். அதை ஒப்புக்கொள்ள வெட்கப்படவும் வேண்டாம், இட்டுக்கட்டி நிரப்பவும் வேண்டாம்.

கூலிப் பிரச்னை இருக்க, இது எதற்கு?

இது நியாயமான கேள்வி. கூலிக்கும் தண்ணீருக்கும் போராடும் நேரத்தில் ஆகாயத்தைப் பற்றிப் பேசுவது திசைதிருப்பல் என்று சில தோழர்கள் கருதுகிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. விசாரிக்காமல் விட்டால் அடி யார்மேல் விழுகிறது என்று பாருங்கள்.

2002-ம் வருஷம் கோடையில் உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் முதலிய இடங்களில், ராத்திரியில் வெளிச்சத்தோடு ஏதோ பறந்து வந்து முகத்தைப் பிராண்டுகிறது என்று பீதி பரவியது. வெளியே கட்டிலில் படுத்துறங்கும் ஏழைகள் வெக்கையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். தூக்கமின்றி ராக்காவல் காத்தார்கள். பாதுகாப்புக் கேட்டுத் திரண்ட கூட்டத்தின்மேல் போலீஸ் சுட்டது. ஒருவர் உயிர் போனது. முதல் நாளே விசாரித்து, ஜனங்களுக்குப் புரியும் மொழியில் பதில் சொல்லியிருந்தால் அந்தப் பீதி இவ்வளவு தூரம் வளர்ந்திருக்குமா?

நம் மாநிலத்துக்கு வருவோம். 2016 பிப்ரவரி 6-ம் தேதி, அன்றைய வேலூர் ஜில்லாவில் நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்தது. ஒரு பஸ் டிரைவர் மாண்டார். மூன்று பேர் காயப்பட்டார்கள். விண்கல் விழுந்ததால் மரணம் என்று மாநில சர்க்கார் அறிவித்தது. குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, இது தரையில் நடந்த வெடிப்பைப்போல இருக்கிறது என்றார்கள்.

அங்கே நடந்தது இன்னதென்று நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். வானத்திலிருந்து கல் விழுந்ததென்றால் யாரும் பொறுப்பில்லை. விதி என்று முடிந்துவிடும். தரையில் வெடித்தது என்றால் அங்கே வெடிப்பொருள் எப்படி வந்தது, யார் வைத்தது, யார் மேற்பார்வை என்று கேள்வி எழும். உழைப்பவன் உயிருக்கு வானம் பொறுப்பா, மனிதன் பொறுப்பா என்பதை அவசர அறிக்கை தீர்மானிக்கலாமா? ஆகாயத்தைப் பற்றிய ஆராய்ச்சி நஷ்ட ஈட்டுப் பிரச்னையாகவும் ஆகிவிடுகிறது!

நாம் கேட்பது என்ன?

சாயர்புரத்துக்குத் தெற்கே, திருச்செந்தூரைத் தாண்டிக் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. இதற்காக 2,200 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கப்பட்டிருக்கிறது. இலங்கையைச் சுற்றி வளைந்து போகாமல் நேரே தெற்கே சிறு ராக்கெட்டுகளை ஏவ இந்த இடம் வசதி. பட்டப்பகலில் ஏவினால் புகைக் கோடு தெரியும். அந்தியிலோ விடியலிலோ ஏவினால் பெட்ரோசவோட்ஸ்க்கில் கண்டதுபோல வானமே விரிந்து ஜொலிக்கும். உப்பளத்திலும் வயலிலும் கடலிலும் இருப்பவர்கள்தான் அதை முதலில் காண்பார்கள்.

ஆகவே நாம் கேட்பது மூன்று.

முதலாவது, ஒவ்வொரு ராக்கெட்டும் எந்த நாள், எந்த நேரம், எந்தத் திசையில் போகிறது என்று தமிழில் முன்கூட்டியே ஊர் ஊராகத் தண்டோராப் போட்டதுபோலத் தெரிவிக்க வேண்டும். மீனவர் கடலுக்குப் போகக் கூடாத நேரமும், அதனால் இழக்கும் தொழில் நாளுக்கான ஈடும் அந்த அறிவிப்பிலேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது, வானத்தில் விளங்காத ஒன்றைக் கண்டவர் தகவல் தர, ஜில்லா தோறும் விஞ்ஞானம் தெரிந்தவர்களைக் கொண்ட ஓர் இடம் வேண்டும். வந்த தகவலும் கண்ட முடிவும் பிரான்ஸில் செய்வதுபோலப் பகிரங்கமாக வேண்டும்.

மூன்றாவது, வெடிப்பிலோ விபத்திலோ தொழிலாளி மாண்டால், ஆராய்ச்சி முடியுமுன் "வானத்தின் வேலை" என்று அறிவிப்பதை நிறுத்த வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. விசித்திரமான வெளிச்சத்தைக் கண்டால் ஓடவும் வேண்டாம், வாட்ஸ்அப்பில் பரப்பவும் வேண்டாம். மணி பாருங்கள். திசையைக் குறியுங்கள். கையை நீட்டி, அடிவானத்திலிருந்து எத்தனை விரல் உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். பனையையோ கோபுரத்தையோ அடையாளம் வைத்து, கால் மணி கழித்தும் அங்கேயே நிற்கிறதா, மற்ற நட்சத்திரங்களோடு சேர்ந்து மேற்கே சாய்கிறதா என்று பாருங்கள். சத்தம் உண்டா என்று கேளுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் நீங்கள் கண்டதைச் சொல்லுமுன், அவர் கண்டதை முதலில் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள்.

லெய்கிள் கிராமத்து ஜனங்களின் வாக்குமூலம் விஞ்ஞானத்தின் ஒரு வாசலைத் திறந்தது. நம் ஜனங்களின் வாக்குமூலத்துக்கும் அந்த மதிப்பு உண்டு. அதைச் சிரித்துத் தள்ளாமல், விற்றுக் காசாக்காமல், கேட்டு விசாரிக்க வேண்டும்.