சாலையில் சிந்தும் இரத்தத்துக்கு யார் பொறுப்பு?

வண்டி மோதி ஒருவன் சாகிறான். உடனே எழும் கேள்வி எது? "வண்டியை ஓட்டியவன் எவன்?" என்பதுதான். ஓட்டியவன் பிடிபடுகிறான், வழக்கு நடக்கிறது, தண்டனை விழுகிறது, கணக்குத் தீர்ந்தது என்று எல்லோரும் கலைந்து போகிறார்கள். அந்தச் சாலையை அப்படிப் போட்டவர் யார்? அந்த மோட்டாரை அப்படிச் செய்து விற்றவர் யார்? ஓட்டியவனை எத்தனை மணி நேரம் கண் விழிக்க வைத்து அனுப்பினார்கள்? இவற்றைக் கேட்பார் இல்லை.

இந்தக் கேள்விகளை நாட்டின் கொள்கையாகவே ஆக்கிவிட்ட நாடு ஒன்று உண்டு. அது சுவீடன். கேட்கத் தொடங்கிப் பாதி வழியில் நின்றுவிட்ட நாடு ஒன்றும் உண்டு. அது அமெரிக்கா. இரண்டும் செல்வ நாடுகள். இரண்டும் மோட்டார் செய்து உலகுக்கு விற்ற நாடுகள். ஆனால் சாவுக் கணக்கைப் பாருங்கள், தோழர்களே!

2023இல் அமெரிக்கச் சாலைகளில் மாண்டவர்கள் ஏறத்தாழ 41,000 பேர். சுவீடனில் ஏறத்தாழ 230 பேர். "அமெரிக்கா பெரிய நாடு ஆயிற்றே!" என்பீர்கள். சரி, மக்கள் தொகையால் வகுத்துப் பார்ப்போம். லட்சம் பேருக்கு அமெரிக்காவில் 12 பேர். சுவீடனில் 2 பேர். "அமெரிக்கர்கள் அதிக தூரம் ஓட்டுகிறவர்கள்" என்று அடுத்த சமாதானம் வரும். ஓடிய தூரத்தைக் கொண்டு கணக்கிட்டாலும் அமெரிக்கச் சாவு இரு மடங்குக்கு மேல் நிற்கிறது.

இந்த வேற்றுமை பிறவியில் வந்ததா? இல்லை. 1966ஆம் ஆண்டுக் கணக்கை எடுங்கள். அப்போது சுவீடனில் மாண்டவர்கள் 1,300க்கு மேல்; லட்சம் பேருக்கு 17 என்ற அளவு. அமெரிக்காவில் 50,000க்கு மேல். லட்சம் பேருக்கு 26 என்ற அளவு. அன்று ஒன்றரை மடங்காக இருந்த வேற்றுமை இன்று ஐந்து மடங்கைத் தாண்டிவிட்டது. இரு நாடுகளும் முன்னேறின. ஒன்று ஓடியது; மற்றொன்று நடந்தது. ஏன்?

அமெரிக்கக் கதையை முதலில் பார்ப்போம். 1965இல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் ஒரு புத்தகம் வெளியிட்டார். விபத்துக்கு ஓட்டுகிறவனை மட்டும் குற்றம் சொல்லாதே, ஆபத்தான வண்டியைச் செய்து விற்கும் கம்பெனியையும் கூண்டில் ஏற்று என்பது அதன் சாரம். ஜெனரல் மோட்டார்ஸ் என்ன செய்தது? நேடரைப் பின்தொடரத் துப்பறிவோரை ஏவியது! குட்டு வெளிப்பட்டது. 1966 மார்ச்சில் அந்தக் கம்பெனியின் தலைவரே செனட் குழுவின் முன் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் வண்டிகளின் பாதுகாப்புக்கான சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். மூலதனத்தின் கோட்டையில் கிடைத்த வெற்றி அது. அதனால் பிழைத்த உயிர்கள் ஏராளம் என்பதை மறைப்பது நேர்மை ஆகாது.

ஆனால் அத்தோடு வேகம் தளர்ந்தது. வண்டியில் இருக்கைப் பட்டை இருக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் சொன்னது. அதை அணிய வேண்டும் என்று சொல்லும் பொறுப்பு மாநிலங்களிடம் போயிற்று. நியூயார்க் மாநிலம் 1984இல்தான் முதன்முதலில் அந்தச் சட்டம் செய்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வயது வந்தவர் பட்டை அணிய வேண்டும் என்ற சட்டம் இன்றுவரை இல்லை. அந்த மாநில வண்டிகளின் எண் பலகையில் ஒரு வாசகம் உண்டு: "சுதந்திரமாய் வாழ், இல்லையேல் மடி." சாலையில் அந்த இரண்டாவது பாதி எவ்வளவு எளிதாக நிறைவேறுகிறது!

சுவீடனோ வேறு பாதையில் சென்றது. மூன்று முனை இருக்கைப் பட்டையை 1959இல் வால்வோ கம்பெனியின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். அதன் காப்புரிமையை எல்லாக் கம்பெனிகளும் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள். 1967 செப்டம்பர் 3ஆம் நாள் விடியற்காலை 5 மணிக்கு நாடு முழுவதும் இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு மாறியது. 1975இல் முன் இருக்கைக்காரர்களுக்குப் பட்டை கட்டாயமாயிற்று. 1986இல் பின் இருக்கைக்காரர்களுக்கும் ஆயிற்று. குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் 0.02 சதவீதம் சாராயச் சத்து இருந்தாலே சுவீடனில் குற்றம். அமெரிக்காவில் யூட்டா நீங்கலாக மற்ற மாநிலங்களில் 0.08, அதாவது நான்கு மடங்கு. சுவீடனில் அந்தக் குற்றத்துக்கு விதிக்கும் அபராதமும் வருமானத்தைப் பொறுத்தது. கூலிக்காரனுக்கும் கோடீஸ்வரனுக்கும் ஒரே தொகை என்ற போலிச் சமத்துவம் அங்கே இல்லை.

1997இல் சுவீடன் பார்லிமெண்ட் ஒரு கொள்கையை ஏற்றது. சாலையில் ஒரு சாவும், ஒரு கடுங்காயமும் கூடாது என்பது இலக்கு. அதன் உயிர்நாடி எது? மனிதன் தவறு செய்யத்தான் செய்வான். அந்தத் தவறுக்கு உயிர் விலையாகக் கூடாது. விதியைக் கடைப்பிடிக்கும் கடமை ஓட்டுகிறவனுக்கு உண்டு. அவன் தவறினாலும் உயிர் போகாதபடி சாலையையும் வண்டியையும் அமைக்கும் இறுதிப் பொறுப்பு அவற்றை அமைப்பவர்களுக்கு உண்டு.

இது வெறும் மேடைப் பேச்சாக நிற்கவில்லை. நெடுஞ்சாலையின் நடுவே எஃகுக் கம்பி வடத்தை இழுத்துக் கட்டினார்கள். ஒரு பக்கம் இரு வரிசை, மறு பக்கம் ஒரு வரிசை, சிறிது தூரம் சென்றதும் மாற்றி என்று வகுத்தார்கள். முந்தப் பார்த்து எதிர் வண்டியில் மோதிச் சாவது ஏறத்தாழ ஒழிந்தது. அத்தகைய சாலைகளில் உயிர்ச்சேதம் முக்கால் பங்கு அளவுக்குக் குறைந்தது. மக்கள் நடக்கும் தெருக்கள் பலவற்றில் வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலோ, சுங்கச் சாலை ஒன்றில் மணிக்கு 137 கிலோமீட்டர் வரை போகலாம். அமெரிக்காவில் வண்டி மோதி மாண்ட பாதசாரிகள் 2009இல் 4,100 அளவு. 2022இல் 7,500 அளவு. நடந்து போகிறவன் யார்? பெரும்பாலும் வண்டி வாங்க வசதியில்லாதவன்!

இனி, நம்மைப் போன்ற உழைப்பாளியின் நிலைக்கு வருவோம். லாரி டிரைவருக்கு எத்தனை மணி நேர வேலை? சுவீடனில் ஐரோப்பியக் கூட்டமைப்பின் சட்டம் நடக்கிறது. நாளுக்கு 9 மணி நேரம் ஓட்டலாம்; வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். அமெரிக்காவில் 11 மணி நேரம் ஓட்டலாம். 8 மணி நேரம் ஓட்டியபின் 30 நிமிட ஓய்வு போதும். இதைவிடப் பெரிய வேற்றுமை கூலியில் இருக்கிறது. ஓடிய தூரத்துக்கும் கொண்டுசேர்த்த வேகத்துக்கும் ஏற்ப, சாலைப் பாதுகாப்புக்குக் கேடு வரும் வகையில் கூலியோ போனஸோ தரக்கூடாது என்று 2006ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சட்டம் தடுக்கிறது. அமெரிக்காவில் நெடுந்தூர டிரைவர்களில் பலருக்கு மைல் கணக்கில்தான் கூலி. சரக்கு ஏற்றக் காத்துக் கிடக்கும் மணிகளுக்குப் பலருக்கும் காசு வருவதில்லை. 1938ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தந்த மிகைநேர ஊதியத்திலிருந்தும் அவர்களில் பெரும்பாலோர் விலக்கப்பட்டவர்கள். சக்கரம் சுழன்றால்தான் சோறு என்று வைத்துவிட்டு, "மெல்லப் போ, தூங்கி விழாதே" என்று பலகை நட்டால் யார் கேட்பான்? அவன் வயிறு கேட்குமா?

சுவீடன் சொர்க்கம் என்று எவரும் எண்ண வேண்டாம். இலக்கு வைத்துக் கால் நூற்றாண்டு கடந்தபின்னும் ஆண்டுக்கு 200க்கு மேற்பட்டோர் மாளுகிறார்கள். அமெரிக்காவால் முடியாது என்றும் சொல்ல வேண்டாம். நியூஜெர்சியின் ஹோபோக்கன் நகரம் தெருமுனைகளைத் திருத்தியது, வேகத்தைக் குறைத்தது. 2017 தொடங்கி ஏழு ஆண்டுகள் அங்கே சாலை விபத்தில் ஒரு சாவும் இல்லை. ஆகவே இது இனத்தின் குணமும் இல்லை, தலைவிதியும் இல்லை. பொறுப்பை யார் தலையில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஓட்டுகிறவன் கவனமாக ஓட்ட வேண்டும். குடித்தவன் வண்டியைத் தொடவே கூடாது. அதில் இரக்கத்துக்கு இடமில்லை. ஆனால் கடைசிக் கண்ணியைப் பிடித்துக்கொண்டு சங்கிலி முழுவதையும் தப்பவிடுவது நீதியாகாது. இனி ஒரு விபத்துச் செய்தியைப் படிக்கும்போது, ஓட்டியவன் பெயரோடு நின்றுவிடாதீர்கள், தோழர்களே. எத்தனை மணி நேரம் ஓட்டினான், எந்தக் கூலிக்கு ஓட்டினான், சாலை எப்படி இருந்தது, வண்டி எப்படி இருந்தது என்று கேளுங்கள். கேட்ட நாட்டில் சாவு ஆறில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது.