கயிற்றுக்கு இழுக்கத்தான் தெரியும்

எங்கள் ஊர் கோபிக்குப் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கொடிவேரி அணைக்குப் போகிற கார்கள் எங்கள் தோட்டத்து வழியாகத்தான் வரிசை கட்டும். அதில் ஏதாவது ஒன்று படுத்துவிட்டால், இறங்குபவரின் கண் முதலில் போவது எங்கள் வீட்டு வாசலில் நிற்கிற டிராக்டர் மேல்தான்.

"அண்ணா, மெக்கானிக் கடை வரைக்கும் கொஞ்சம் இழுத்து விட்டுடறீங்களா? கயிறு கூட இருக்குங்களா உங்ககிட்ட?"

இப்படி எத்தனை பேரை இழுத்து விட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. டீசல் காசு கூட வாங்கியதில்லை. ஆனால் இப்போது இழுப்பதில்லை. "இந்த ஊர்க்காரங்களுக்கும் மனசு மாறிப் போச்சு" என்று யாராவது நினைத்துக்கொண்டு போயிருந்தால், அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

இரண்டு வருஷம் முந்தி, இதே மாதிரி ஒரு ஞாயிறு மத்தியானம். கோயமுத்தூர் பக்கத்துக் குடும்பம். புருஷன், பொண்டாட்டி, இரண்டு குழந்தைகள். சின்ன பெட்ரோல் கார், ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் கடை மூன்று கிலோமீட்டர்தான். கரும்பு லோடு கட்டுகிற நைலான் கயிறு இருந்தது, முனையில் இரும்புக் கொக்கி. அந்தத் தம்பியே குனிந்து, முன் பம்பருக்கு அடியில் தெரிந்த ஒரு வளையத்தில் கொக்கியை மாட்டினார். நானும் பார்த்தேன், சரியென்றுதான் பட்டது.

எங்கள் சின்னவனுக்கு அப்போது பத்து வயசு. டிராக்டர் எடுத்தால் மட்கார்டு மேல் ஏறி உட்கார்ந்துவிடுவான். அன்றைக்கும் ஓடி வந்தான். "கன்னுக்குட்டி அவுந்துக்கிச்சு, வந்து புடிடா" என்று அவன் அம்மா கூப்பிட்டதால் முனகிக்கொண்டே திரும்பிப் போனான்.

வாய்க்கால் பாலம் வரை ஒரு குறையும் இல்லை. பாலத்தைத் தாண்டினால் ஒரு சின்ன இறக்கம். எதிரில் பால் வண்டி வந்தது, பிரேக்கை மிதித்தேன். டிராக்டர் நின்றது, கார் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கிறேன், ஒரு கை தூரத்தில் காரின் மூஞ்சி. உள்ளே அந்தத் தம்பி சீட்டை விட்டு எழுந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறார். மோதிவிடும் என்ற பயத்தில் நான் சடாரென்று டிராக்டரை முன்னால் எடுத்தேன். அதே நேரம் அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டார். தொய்ந்து கிடந்த கயிறு ஒரே வெட்டாக விறைத்தது. கார் அடியிலிருந்த வளையம் பிய்ந்தது. கொக்கி பறந்து வந்து டிராக்டர் மட்கார்டில் அடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வெடிகுண்டு மாதிரி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அடிபட்ட இடம் சின்னவன் உட்காருகிற இடம். அவ்வளவுதான் சொல்வேன். அந்தச் சொட்டையை நான் இதுவரை தட்டி எடுக்கவில்லை.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டார், எனக்கு முடியாது என்று சொல்லத் தெரியவில்லை. இருவருக்கும் நல்ல மனசு இருந்தது, விஷயம்தான் தெரியவில்லை. அப்புறம் மெக்கானிக்கிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலாவது பிரேக். இன்றைய கார்களில் நம் கால் மட்டும் பிரேக் பிடிப்பதில்லை, இன்ஜின் ஓடும்போது கிடைக்கிற உந்துதலும் சேர்ந்துதான் பிடிக்கிறது. இன்ஜின் நின்ற பிறகு இரண்டு மூன்று மிதி வரை அது மிச்சமிருக்கும். அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆகிவிடும். ஸ்டியரிங்கும் அதே கதைதான், பவர் இல்லாமல் கனக்கும். பேட்டரி தீரக் கூடாது என்று சாவியைக் கையில் எடுத்துக்கொண்டால் ஸ்டியரிங் லாக்கே விழுந்துவிடும். வாய்க்கால் ஓரத்து வளைவில் அப்படி விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது அந்த வளையம். சில கார்களுக்கு அடியில் இருக்கிற மெல்லிய வளையம், காரை லாரியில் ஏற்றும்போது ஆடாமல் கட்டிவைக்கத்தான். இழுப்பதற்கென்று தனியாக ஒரு திருகாணிக் கொக்கி பல கார்களில் ஸ்டெப்னி பக்கத்து டூல்ஸ் பையில் கிடக்கும். பம்பரில் ஒரு சின்ன மூடியைத் திறந்து அதைத் திருகி மாட்ட வேண்டும். கார் வாங்கி எத்தனை வருஷம் ஆனாலும் அதைப் பார்க்காதவர்கள் உண்டு.

மூன்றாவது கியர். ஆட்டோமேடிக் வண்டிகள் பலவற்றில் கியர் பெட்டிக்குள் ஆயிலைச் சுற்றவைக்கிற பம்ப்பை ஓட்டுவது இன்ஜின்தான். இன்ஜின் நின்றிருக்க சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே ஆயில் போகாமல் தேயும். எலெக்ட்ரிக் கார்களில் சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், அதனால் மேலே ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று கம்பெனிக்காரர்களே புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். நூறு ரூபாய் கோளாறு லட்ச ரூபாய்க் கோளாறு ஆவது இப்படித்தான்.

"டன் கணக்குல கரும்பு இழுக்கற டிராக்டருக்கு ஒரு கார் பெருசாண்ணா?" என்று கேட்பார்கள். இழுப்பது பெரிதே இல்லை, நிறுத்துவதுதான் பெரிது. டிரெய்லருக்கும் டிராக்டருக்கும் நடுவில் இரும்புச் சட்டமும் பின்னும் இருக்கிறது. நான் நின்றால் அதுவும் நிற்கும். எங்கள் அப்பா காலத்து மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். இறக்கத்தில் மாடுகள் வண்டியைப் பின்னுக்குத் தாங்கிப் பிடிப்பது ஏர்க்காலின் தயவால்தான். ஏர்க்காலுக்குப் பதில் கயிறு கட்டி ஓட்டினால், முதல் இறக்கத்திலேயே மாட்டின் காலை வண்டி உடைத்துவிடும். கயிற்றுக்கு இழுக்கத்தான் தெரியும், தாங்கத் தெரியாது. இது எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரிந்த விஷயம். கார் என்றதும் மறந்துவிட்டேன், பாருங்கள்.

டிராக்டர் ஓட்டுபவனுக்கும் இதில் ஆபத்து உண்டு. சேற்றிலோ பள்ளத்திலோ இறங்கிய காரை இழுக்கும்போது, கயிற்றைக் கீழே டிராபாரில் கட்டாமல் உயரமான இடத்தில் கட்டினால், டிராக்டரின் முன் சக்கரம் தூக்கும். கிளட்சைப் பட்டென்று விட்டால் டிராக்டர் அப்படியே பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுகிறவன் மேலேயே விழும்.

சட்டமும் சும்மா இல்லை. பழுதான வண்டியைப் பக்கத்துப் பட்டறை வரை இழுக்கலாம். ஆனால் இரண்டு வண்டிக்கும் நடுவில் 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, பின்னால் வருகிற வண்டியின் ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ள ஆள் இருக்க வேண்டும், இழுபடுகிற வண்டி இது என்று பின்பக்கம் பலகை எழுதி மாட்ட வேண்டும், கயிறு மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். எங்கள் ஊர் ரோட்டில் இத்தனையையும் செய்து இழுத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பிரேக் இல்லாத வண்டியோடு 5 மீட்டர் இடைவெளியில் போவது என்ன என்பதை அன்றைக்கு நான் பார்த்துவிட்டேன்.

அப்போ என்னதான் பண்றது என்கிறீர்களா? எல்லோரையும் இறக்கி ரோட்டை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். ஒருவர் மட்டும் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, சாவியை ஆன் செய்து, நியூட்ரலில் வைத்து, நாலு பேர் தள்ளி வண்டியை ஓரங்கட்டுங்கள். தள்ளுவதற்கு நாங்கள் வருவோம். நாலு இண்டிகேட்டரையும் போட்டு, டிக்கியில் இருக்கும் சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்குப் போன் போடுங்கள். மற்ற ரோடுகளில் உங்கள் இன்சூரன்ஸ் காகிதத்தைப் பாருங்கள், வழியில் நின்றால் வண்டி அனுப்பும் வசதிக்குச் சேர்த்தே காசு கட்டியிருப்பீர்கள். ஒன்றும் இல்லையென்றால் மெக்கானிக்கை இங்கே வரவழைக்கலாம், இல்லை, மேலே ஏற்றிக்கொண்டு போகிற ரெக்கவரி வண்டியைக் கூப்பிடலாம். செலவு ஆகும்தான். ஆகட்டும்.

நகரத்து நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வாசலில் வந்து நின்று உதவி கேட்டவரிடம் முடியாது என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. தெரியாத வேலையாக இருந்தாலும் "அதுக்கென்னங்க" என்று கயிற்றை எடுத்துவிடுவார்கள். அதனால் யோசிக்க வேண்டியது கேட்கிற நீங்கள்தான். தண்ணி கேளுங்கள், நிழல் கேளுங்கள், போன் சார்ஜ் போட இடம் கேளுங்கள். ரெக்கவரி வண்டி வருகிற வரை திண்ணையில் உட்காருங்கள், சாப்பாட்டு நேரமாக இருந்தால் சாப்பிட்டுவிட்டும் போகலாம். கயிறு மட்டும் கேட்காதீர்கள்.

சின்னவனுக்கு இப்போது பன்னிரண்டு வயசு. மட்கார்டு மேல் உட்காருவதற்கு வீட்டில் தடை. அந்தச் சொட்டையைக் காட்டித்தான் ஒவ்வொரு முறையும் அவனை இறக்கிவிடுகிறேன்.