முதல் பணம் சென்னையிலிருந்து வரட்டும்

ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் முளைத்த இரண்டு நிறுவனங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, ஏத்தர் எனர்ஜி. அங்கே படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் மின்சார ஸ்கூட்டர் செய்யக் கிளம்பியபோது இடம், ஆய்வகம், பேராசிரியர்களின் வழிகாட்டல் எல்லாம் கொடுத்தது சென்னை. 2014 இறுதியில் பெங்களூரைச் சேர்ந்த ஃப்ளிப்கார்ட் நிறுவனர்கள் 10 லட்சம் டாலர் போட்டார்கள். அடுத்த ஆண்டே டைகர் குளோபல் நிதியம் முதலீட்டோடு வந்தது. நிறுவனம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. 2025 மே மாதம் பங்குச் சந்தையில் அது பட்டியலானபோது நாடு அதைப் பெங்களூர் நிறுவனம் என்றே அறிந்திருந்தது. தொழிற்சாலை ஓசூரில் இருப்பது மட்டும் நமக்கு ஆறுதல். இன்னொன்று, அக்னிகுல் காஸ்மோஸ். 2017இல் தொடங்கி, ஐஐடி பேராசிரியர் சத்யா சக்ரவர்த்தியின் துணையோடு ராக்கெட் செய்யப் புறப்பட்ட இந்த நிறுவனத்தில் 2019இல் விதை முதலீட்டைப் போட்டது சென்னையைச் சேர்ந்த ஸ்பெஷியாலே இன்வெஸ்ட். ஒரே துண்டாக முப்பரிமாண முறையில் அச்சிட்ட இன்ஜினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதன் சோதனை ராக்கெட் கிளம்பியது. அக்னிகுல் இன்றும் சென்னை நிறுவனம்தான்.

இரண்டே நிறுவனங்களை வைத்து ஒரு விதியை நிறுவிவிட முடியாது. ஏத்தர் இடம் மாறியதற்குத் திறமையாளர் கிடைப்பது, சந்தை எனப் பல காரணங்கள் இருந்திருக்கலாம். அக்னிகுல்லுக்கு ஸ்ரீஹரிகோட்டா பக்கத்தில் இருப்பதும் ஒரு வசதி. ஆனால் மூன்றாவதாக ஒரு சாட்சி உண்டு. 2010இல் சென்னைப் புறநகரில் ஒரு சிறிய அலுவலகத்தில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸுக்கு 2011இல் முதல் பெரிய காசோலை வெளியூர் நிதியமான ஆக்செலிலிருந்து வந்தது. 2021 செப்டம்பரில் அது நாஸ்டாக்கில் பட்டியலானபோது தலைமையகம் கலிஃபோர்னியாவில் இருந்தது. ஊழியர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று நாம் பெருமைப்பட்டோம், பெருமை நியாயமானதே. என்றாலும் பங்குகளின் பெரும்பகுதியும், அவற்றோடு வரும் முடிவெடுக்கும் உரிமையும் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. முதலில் துணிந்து பணம் போடுகிறவர் பெரும்பாலும் இயக்குநர் குழுவில் உட்காருகிறார். அடுத்த சுற்று முதலீட்டுக்கு யாரைப் பார்ப்பது, எந்த ஊரில் ஆளெடுப்பது என்பதில் அவர் சொல்லுக்கு எடை அதிகம். தொழில் வளர்காப்பகங்கள் எத்தனை என்று எண்ணிக் கணக்குக் காட்டும் கொள்கை இந்த எளிய உண்மையைத் தவறவிடுகிறது.

வளர்காப்பக வசதியில் தென்சென்னைக்குக் குறை சொல்ல முடியாது. ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்கா 2010 முதல் இயங்குகிறது. ஐஐடியின் இன்குபேஷன் செல்லுக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. கிராமப்புறத் தொழில்முனைவோருக்காக 2001இல் சென்னையில் தொடங்கிய வில்குரோ இருக்கிறது. டைசெல் பயோ பார்க், அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகமும் மாநில அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனமும் எனச் சில கிலோமீட்டருக்குள் எல்லாம் அமைந்த நகரம் நாட்டில் அபூர்வம். பணத்துக்கும் திட்டங்கள் உண்டு. மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டம் ரூ.10 லட்சம் தருகிறது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதை நிதித் திட்டத்தில் வளர்காப்பகம் வழியாக ரூ.20 லட்சம் வரை மானியமும் ரூ.50 லட்சம் வரை கடன் அல்லது மாற்றத்தக்க பத்திர முதலீடும் தர வழி செய்யப்பட்டது. மென்பொருள் செய்கிறவருக்கு இது போதக்கூடும். கையில் தொட்டுப் பார்க்கும் பொருளைச் செய்கிறவரின் நிலைமை வேறு. மோட்டார் உறைக்கு ஒரு டை வெட்ட அம்பத்தூர் பட்டறையில் முன்பணம் கட்ட வேண்டும். சரியாக வராவிட்டால் மறுபடி வெட்ட வேண்டும். பேட்டரிக்குச் சோதனைச் சான்றிதழ் வாங்க வேண்டும். தேறாவிட்டால் வடிவத்தை மாற்றி மறுபடி கட்டணம் கட்ட வேண்டும். இதற்கிடையில் நான்கு பொறியாளர்களுக்கு மாதாமாதம் சம்பளம். மானியம் தீர்ந்து, வென்ச்சர் நிதியம் இன்னும் எட்டிப்பார்க்காத அந்த ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில்தான் நல்ல நிறுவனங்கள் மூச்சுத் திணறுகின்றன.

வென்ச்சர் நிதியம் அப்போது ஏன் வருவதில்லை? அதன் பணம் அதனுடையது அல்ல; ஓய்வூதிய நிதிகளும் செல்வந்தக் குடும்பங்களும் பெருநிறுவனங்களும் கொடுத்தது, பெரும்பாலும் பத்தாண்டுகளில் பெருக்கித் திருப்ப வேண்டியது. பத்து முதலீட்டில் பெரும்பாலானவை கரைந்துபோகும், ஒன்றிரண்டு பல மடங்காக வளர்ந்து மற்றவற்றின் நட்டத்தையும் ஈடுகட்டும் என்ற கணக்கில்தான் அது நடக்கிறது. அதனால் வேகமாக வளரும் மென்பொருளை விரும்புகிறது. ஏழெட்டு ஆண்டு பொறுமை கேட்கும் வன்பொருளைத் தள்ளிப்போடுகிறது. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை, அதன் இயல்பு அப்படி. அந்த இடைவெளியை நிரப்ப வேறு பணம் தேவை என்பதே இங்கு நாம் சொல்ல வருவது.

அந்தப் பணம் இந்த நகரத்தில் இல்லாமல் இல்லை. சேமித்ததைச் சேர்த்து வைத்துத் தேவைப்பட்டவருக்குக் கடன் கொடுக்கும் வழக்கம் இங்கே நூற்றைம்பது ஆண்டுப் பழையது. மயிலாப்பூர் ஹிந்து பெர்மனென்ட் ஃபண்ட் தொடங்கியது 1872இல். 1974இல் ஆர். தியாகராஜன் சீட்டு நிறுவனமாகத் தொடங்கிய ஸ்ரீராம் குழுமம், வங்கிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய லாரி ஓட்டுநர்களுக்குப் பழைய வண்டி வாங்கக் கடன் கொடுத்து, நாட்டின் பெரிய நிதி நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. தி.நகர் பர்கிட் சாலையில் ஸ்ரீராம் ஹவுஸ் இன்றும் நிற்கிறது. ஆளை அருகிலிருந்து அறிந்தவர் கையில் எடுக்கும் ஆபத்து, தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதைவிடக் குறைவு என்பதே அந்த வெற்றியின் உட்பொருள். தி.நகரின் ஜவுளி, நகை வணிகக் குடும்பங்களும் மயிலாப்பூர், அடையாறின் ஓய்வுபெற்ற நிர்வாகிகளும் மருத்துவர்களும் வைத்திருக்கும் செல்வம் பெரும்பாலும் மனையிலும் தங்கத்திலும் வைப்பு நிதியிலும் உறங்குகிறது. 2007 முதல் இயங்கும் தி சென்னை ஏஞ்சல்ஸ் போன்ற குழுக்கள் இதில் ஒரு சிறு பகுதியைத்தான் எழுப்பியிருக்கின்றன. பதிவுபெற்ற மாற்று முதலீட்டு நிதியத்தில் சேர ஒருவர் பொதுவாகக் குறைந்தது ரூ.1 கோடி போட வேண்டும் என்ற செபி விதி ஒரு தடை. 2012இல் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் முதலீட்டாளரை மிரட்டிய ஏஞ்சல் வரி 2024 பட்ஜெட்டில் நீக்கப்பட்டது நல்ல செய்தி.

இங்கே ஒரு வலுவான எதிர்ப்பு எழும். அதே மயிலாப்பூர் ஃபண்டில் பணம் போட்ட முதியவர்கள் 2024இல் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் நின்றதைப் பார்த்த பிறகும், சேமிப்பை ஆபத்தில் போடச் சொல்வது பொறுப்பா? அந்த அச்சம் முழுக்க நியாயமானது. வைப்பாளர் பணம் ஒரு ரூபாய்கூடப் புத்தொழிலுக்குப் போகக் கூடாது. நாம் கேட்பது இழந்தால் தாங்கக்கூடியவரின் பணத்தை, ஆபத்து இன்னது என்று தெரிந்தே போடப்படும் பணத்தை. அவர்களை முன்வரச் செய்ய அரசு பக்கத்தில் நிற்க வேண்டும். இஸ்ரேல் 1993இல் யோஸ்மா என்ற பெயரில் இதைச் செய்து காட்டியது: 10 நிதியங்களில் அரசு 40 சதவீதம் வரை போட்டது, எந்த நிறுவனத்தில் முதலீடு செய்வது என்பதைத் தனியார் முடிவு செய்தார்கள், ஐந்து ஆண்டுக்குள் அரசின் பங்கைப் போட்ட விலையோடு வட்டி கொடுத்து அவர்களே வாங்கிக்கொள்ளலாம் என்ற சலுகையும் இருந்தது. நட்டத்தில் அரசு பங்கேற்றது, லாபத்தைப் பெரிதும் விட்டுக்கொடுத்தது. சில ஆண்டுகளில் அரசு விலகிக்கொள்ள, அங்கே வென்ச்சர் தொழில் வேரூன்றியது. வரிப்பணத்தை அதிகாரிகள் வேண்டியவர்களுக்கு அள்ளிக்கொடுப்பார்கள் என்ற சந்தேகத்துக்கும் இதில் பதில் இருக்கிறது: தன் பணத்தையும் போடுகிறவர் தேர்ந்தெடுக்கட்டும், அரசு அவருக்கு இணையாக மட்டும் போடட்டும். 2025 அக்டோபரில் கோவை மாநாட்டில் தமிழ்நாடு அறிவித்த ரூ.100 கோடி இணை உருவாக்க நிதியம் இந்த வழியில் நடக்க வேண்டும். முதல் முறை நிதியம் தொடங்குகிற உள்ளூர்க்காரருக்கு அதில் முன்னுரிமை வேண்டும். வெளியூரின் பெரிய பெயர்களுக்கே அது போய்விட்டால் நோக்கம் பாழாகும்.

பணத்தைவிட அரிதானது முதல் வாடிக்கையாளர். கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர் இறங்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. அந்த வேலைக்கு ஹோமோசெப் என்ற இயந்திரத்தை ஐஐடி மெட்ராஸ் உருவாக்க, அதன் வளர்காப்பகத்தில் வளர்ந்த சோலினாஸ் அதைச் செய்து எடுத்தது. முதல் கருவிகள் பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் (சிஎஸ்ஆர்) பணத்தில், தூய்மைப் பணியாளர் இயக்கமான சஃபாய் கரம்சாரி அந்தோலன் துணையோடு சுய உதவிக் குழுக்களுக்குப் போயின. அந்தக் குழுக்களை முன்நின்று நடத்தியவர்களில் தூய்மைப் பணியில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் இருந்தார்கள். இத்தகைய கருவியை வாங்க வேண்டியவை மாநகராட்சிகளும் குடிநீர் வாரியங்களும்தாம். அவையே இதற்குப் பெரிய சந்தை. கேரளத்தில் 2018இல் பேண்டிகூட் ரோபோ வந்தபோது மாநில ஸ்டார்ட்அப் மிஷனும் நீர் ஆணையமும் கைகொடுத்து அதைத் திருவனந்தபுரத்தின் பாதாளச் சாக்கடையில் இறக்கின. பிறகு 2022இல் அந்த ரோபோவைச் செய்த நிறுவனத்தில் ரூ.20 கோடி போட்டது நம் ஊர் மென்பொருள் நிறுவனமான ஸோஹோ. அரசு வாங்கிப் பயன்படுத்திக் காட்டினால் தனியார் பணம் தானே தேடி வரும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. புத்தொழில் நிறுவனங்களிடம் டெண்டர் இல்லாமல் வாங்கத் தமிழ்நாட்டிலும் தளர்வு உண்டு. தணிக்கையில் கேள்வி வருமோ என்று பயந்து கோப்பை ஒதுக்கிவைக்கும் பொறியாளருக்குப் பாதுகாப்பு தரும் ஆணை இல்லாதவரை அந்தத் தளர்வு காகிதத்திலேயே இருக்கும்.

ஸோஹோவே வெளிப் பணம் வாங்காமல் வளர்ந்ததே, பிறகு எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. 1996இல் தொடங்கிய அந்த நிறுவனம் விற்றதை வைத்தே அடுத்ததைச் செய்தது. அது மென்பொருளுக்கு முடியும். ராக்கெட்டை மாதச் சந்தாவுக்கு விற்று இன்ஜின் செய்ய முடியாது. சொந்தக் காலில் நிற்கும் வழியைத் தேர்ந்தெடுக்க முடிகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் ஏதோ ஒரு பிடிமானம் உள்ளவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆராய்ச்சிப் பூங்காவுக்கு அருகிலேயே தரமணியில் மத்திய பாலிடெக்னிக் இருக்கிறது. அங்கே டிப்ளமோ படிக்கும், குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு இரண்டு ஆண்டு சம்பளமில்லாமல் முயன்று பார்க்கும் வாய்ப்பு யார் தருவது? பட்டியலின, பழங்குடியினத் தொழில்முனைவோரின் நிறுவனங்களில் பங்கு முதலீடு செய்ய மாநில அரசு தனி நிதி ஒதுக்கியிருப்பது சரியான திசையில் எடுத்த அடி. வளர்காப்பகங்களும் தம் கதவுகளை அப்படித் திறக்க வேண்டும்.

வரும் பட்ஜெட்டில் அரசு மூன்றைச் செய்ய வேண்டும். அரசுப் பணம் பெறும் ஒவ்வொரு வளர்காப்பகமும் அங்கு வளர்ந்த நிறுவனங்களில் எத்தனை ஐந்து ஆண்டுக்குப் பிறகும் தமிழ்நாட்டில் இயங்குகின்றன என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இணை உருவாக்க நிதியத்தில் பாதியையாவது வன்பொருளுக்கும் முதல்முறை நிதியம் நடத்துவோருக்கும் ஒதுக்க வேண்டும். சென்னைக் குடிநீர் வாரியமும் மாநகராட்சியும் தம் கொள்முதலில் ஒரு குறிப்பிட்ட பங்கைப் புத்தொழில் நிறுவனங்களிடம் வாங்கியே தீர வேண்டும் என்று ஆணை பிறப்பிக்க வேண்டும். மூன்றில் கடைசிக்குப் புதிதாக ஒரு ரூபாய்கூட ஒதுக்கத் தேவையில்லை. அதை நாளைக்கே தொடங்கலாம்.