மூன்று மாத வேலை

சென்ற வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டிற்கு வந்திருந்தான். பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகளாகியும் உத்தியோகம் கிட்டவில்லை. கொழும்பிலே ஒரு களஞ்சியசாலையில் மூன்று மாதத்திற்கு மூட்டை ஏற்றி இறக்கும் வேலை அவனுக்கு வாய்த்திருந்தது. தோட்டம் கொத்தவும் வெங்காயம் பிடுங்கவும் கூசாத பிள்ளை அவன். ஆயினும் தயங்கினான்.

“சேமலாப நிதியில் என் பெயர் ஏறிவிட்டால், நாளைக்கு நியமனம் வரும்போது கழித்துவிடுவார்களே, சேர்?” என்றான்.

அவன் அச்சம் வீணானதன்று. 2020ஆம் ஆண்டு வேலையற்ற பட்டதாரிகளுக்குப் பயிற்சி நியமனம் வழங்கப்பட்டபோது, ஊழியர் சேமலாப நிதியிற் பெயர் பதிந்திருந்தோர் பலர் முதலிற் புறக்கணிக்கப்பட்டனர்; பின்னரே மேன்முறையீட்டிற்கு வழி பிறந்தது. உழைப்பாளியின் முதுமைக்கென 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட நிதி, இளமைக்கே இடையூறாயிற்று!

இந்தியாவின் 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் இதனை வேறு விதமாக நோக்கியது. உடலுழைப்பு வேலை கேட்டு விண்ணப்பித்தவனுக்கு 15 நாளுள் வேலை கொடாவிடின், முதல் 30 நாளுக்குக் கூலியிற் காற்பங்கும், அதன்பின் அரைப்பங்கும் குறையாமற் படி வழங்குக என விதித்தது. 5 கிலோமீற்றருக்கு அப்பால் அனுப்பின் நூற்றுக்குப் பத்து வீதம் கூலி கூட்டுக என்றது. கொடுத்த வேலையை ஏற்காதவன் மூன்று மாதம் படி கேட்கவியலாது. ஆயினும் வேலை கேட்கும் உரிமை அவனுக்கு இருந்தது. அப்படி ஏழைகளின் கைக்கு எட்டியது அரிதே. எனினும் விதியின் நீதி தெளிவானது: அங்கே வேலையை மறுத்தவனுக்குத் தண்டம். இங்கே, படியொன்றும் பெறாதவன், கிடைத்த வேலையை ஏற்றதற்காகத் தண்டம் பெற்றான்.

“போய் வா, தம்பி. தொடங்கிய நாளும் முடிந்த நாளும் குறித்துக் கடிதமொன்று வாங்கிக்கொள்” என்றேன். அக்கடிதம் அவனைக் காக்குமென்று உறுதி கூற என்னால் இயலவில்லை. குறுங்கால வேலை செய்தோரும் வேலையற்றோராகவே கொள்ளப்படுவர் என்று விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி சேர்ப்பதற்கு அரசினர்க்குச் செலவு யாது?

அன்றிரவே அவன் கொழும்பு பஸ் ஏறினான். படித்த பிள்ளையை மூட்டை தூக்க அனுப்பிவிட்டேன் என்று அவன் தாயாருக்கு என்மேல் மனத்தாங்கல். அதனை நான் தாங்கிக்கொள்வேன். மூன்று மாதம் உழைத்ததனால் அவன் நியமனம் தவறுமாயின், அதனைத்தான் தாங்கவியலாது.