புகார் கொடுத்தவருக்கு என்ன ஆனது? பணியிடங்கள் உண்மையில் கற்கும் பாடம்

நிறுவனங்களின் இயக்குநர் குழு அறிக்கையில் இப்போது மூன்று எண்கள் இடம்பெற வேண்டும். ஓராண்டில் வந்த பாலியல் துன்புறுத்தல் புகார்கள் எத்தனை, தீர்க்கப்பட்டவை எத்தனை, 90 நாட்களைக் கடந்தும் நிலுவையில் உள்ளவை எத்தனை என்பவையே அவை. மத்திய கார்ப்பரேட் விவகாரங்கள் அமைச்சகம் செய்த இவ்விதித் திருத்தம் 2025 ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது. சட்டப்படி உள்ளகப் புகார் குழு அமைக்கப்பட்டுள்ளது என்ற உறுதிமொழி 2018-லேயே கட்டாயமாக்கப்பட்டது. உறுதிமொழியுடன் கணக்கும் சேர்ந்திருப்பதே இப்போதைய மாற்றம்.

இவற்றுள் மூன்றாவது எண்தான் கவனத்துக்குரியது. ஏனெனில், ஊழியர்கள் எதைப் பார்த்து நடத்தையைக் கற்றுக்கொள்கிறார்கள் என்ற கேள்வியுடன் அது நேரடியாகத் தொடர்புடையது.

பணியிடங்களில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், சுருக்கமாக 'போஷ்' சட்டம், ஊழியர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி அளிப்பதை நிறுவனத்தின் கடமையாக்குகிறது. அக்கடமை எவ்வாறு நிறைவேறுகிறது என்பது அலுவலகம் செல்வோர் பலரும் அறிந்ததே. ஆண்டுக்கொருமுறை ஒரு மணி நேர வகுப்பு அல்லது கணினித் திரையில் ஓடும் காணொலி, இறுதியில் பத்துக் கேள்விகள், ஒரு சான்றிதழ். மேலதிகாரி கீழ்நிலை ஊழியரிடம் ஆபாசமாகப் பேசுவது தவறா என்ற கேள்விக்குத் தவறான விடையளிப்பவர் அரிது. அவ்வாறு பேசும் மேலதிகாரியும் அதே தேர்வில் முழு மதிப்பெண் பெற்றவராகவே இருப்பார்.

அறிந்திருப்பதும் அதன்படி நடப்பதும் வெவ்வேறு என்பதை உளவியல் 60 ஆண்டுகளுக்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட்டது. அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1965-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடித்து உதைக்கும் படம் சிறு குழந்தைகளுக்குக் காட்டப்பட்டது. ஒரு பிரிவினர் பார்த்த படத்தின் முடிவில் அவருக்குப் பரிசு கிடைத்தது. மற்றொரு பிரிவினருக்குக் காட்டிய முடிவில் அவர் கண்டிக்கப்பட்டார். மூன்றாம் பிரிவினரின் படத்தில் எதுவும் நடக்கவில்லை. கண்டிக்கப்பட்டதைக் கண்ட குழந்தைகள் அச்செயலைக் குறைவாகவே பின்பற்றினர். ஆனால், பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு தருவதாகக் கூறியதும் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் செய்து காட்டினர். கற்றல் எல்லோரிடமும் நிகழ்ந்திருந்தது. நடத்தையை முடிவு செய்தது, செய்தவருக்கு என்ன நேர்ந்தது என்ற காட்சி.

எதுவும் நேராத அந்த மூன்றாம் படம் இங்கு முக்கியமானது. அதைப் பார்த்த குழந்தைகள் பரிசைக் கண்டவர்களைப் போலவே நடந்துகொண்டனர். மௌனமும் ஒருவகை அனுமதியாகவே அவர்களுக்குப் பட்டது.

குழந்தைகளிடம் கண்டதை அப்படியே அலுவலகத்துக்குப் பொருத்திவிட முடியாதுதான். இருப்பினும் புதிதாகப் பணியில் சேரும் எவரும் முதல் சில வாரங்களில் விதிப்புத்தகத்தைவிட மனிதர்களையே அதிகம் படிக்கின்றனர். யார் சொல்லும் நகைச்சுவைக்கு எல்லோரும் சிரிக்கின்றனர், யாருடைய அறைக்குத் தனியாகச் செல்ல வேண்டாம் என்று மூத்த ஊழியர் தாழ்ந்த குரலில் எச்சரிக்கிறார், முன்பு புகார் கொடுத்தவர் இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறார் என்பவையெல்லாம் அந்தப் படிப்பில் அடங்கும்.

கடைசிக் கேள்விக்கான விடை, சட்டத்தின் 12-ஆம் பிரிவை நிர்வாகம் எப்படிப் பயன்படுத்துகிறது என்பதைப் பொறுத்தது. விசாரணை நடக்கும்போது, புகார் அளித்த பெண்ணின் எழுத்துப்பூர்வ வேண்டுகோளின் பேரில் அவரையோ எதிர்தரப்பினரையோ இடமாற்றம் செய்ய அப்பிரிவு வழிசெய்கிறது. சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே. உடன் பணிபுரிவோர் கண்ணுக்கு அவை ஒன்றல்ல. மேலாளரின் நாற்காலி அசையாதிருக்க, பெண்ணின் மேசை மட்டும் வேறு கட்டடத்துக்குச் சென்றால், அவ்வலுவலகத்தின் மற்ற பெண்களுக்கு அதற்கு மேல் பயிற்சி தேவைப்படாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புகாரின் விவரம், விசாரணை, பரிந்துரை ஆகியவற்றை வெளியிடுவதை 16-ஆம் பிரிவு தடை செய்கிறது. பாதிக்கப்பட்டவரின் அடையாளம் காக்கப்பட இது இன்றியமையாதது. ஆனால் அதன் பக்கவிளைவாக, தண்டனை வழங்கப்பட்டாலும் அது யாருக்கும் தெரிவதில்லை. வதந்தி மட்டுமே தெரிகிறது. பலர் கவனிக்காத ஒன்று, அதே பிரிவு ஒரு விலக்கும் அளித்திருப்பது. பெயர், முகவரி உள்ளிட்ட அடையாளங்களை வெளியிடாமல், கிடைத்த நீதியைப் பற்றிய தகவலைத் தெரிவிக்கலாம். 'கடந்த ஆண்டு வந்த புகார் ஒன்றில் குற்றம் நிரூபிக்கப்பட்டு நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று நிர்வாகம் ஊழியர்களுக்கு ஒரு வரி எழுதச் சட்டத்தில் தடையில்லை. அந்த ஒரு வரியை எழுதத் தயங்குவது பெரும்பாலும் நிறுவனத்தின் நற்பெயரைக் கருதித்தான்.

முடிவு தெரியாத காத்திருப்பு என்ன கற்பிக்கும் என்பதற்கு மலையாளத் திரையுலகம் சான்று. கேரள அரசு 2017-இல் அமைத்த நீதிபதி ஹேமா குழு 2019 டிசம்பரில் அறிக்கை அளித்தது. சில பகுதிகள் நீக்கப்பட்டு அது வெளியானது 2024 ஆகஸ்டில். வாய்ப்பு பறிபோகும் என்ற அச்சத்தால் பெண்கள் வாய் திறப்பதில்லை எனப் பதிவு செய்த அறிக்கையே நான்கரை ஆண்டுகளுக்கு மேல் மூடிக் கிடந்தது. ஒடிசாவின் பாலசோரில் நேர்ந்தது இன்னும் கொடியது. துறைத் தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் அளித்து, நடவடிக்கை இல்லை என்று போராடிய கல்லூரி மாணவி ஒருவர் 2025 ஜூலையில் தீக்குளித்து உயிரிழந்தார்.

உச்ச நீதிமன்றம் விசாகா வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்தது 1997-இல். அது சட்டமாக 16 ஆண்டுகள் பிடித்தன. 30 தேசிய விளையாட்டுக் கூட்டமைப்புகளில் 16-இல் முறையான புகார் குழு இல்லை என்ற நாளேட்டுச் செய்தியை அதே நீதிமன்றம் 2023 மே மாதத் தீர்ப்பில் எடுத்துக்காட்ட நேர்ந்தது. 2024 டிசம்பர் 3 அன்று, மாவட்ட அதிகாரிகளை நியமிக்கவும் உள்ளூர் புகார் குழுக்களை அமைக்கவும் காலக்கெடு விதித்தது. குழு அமைக்காத நிறுவனத்துக்கு முதல் முறை அபராதம் அதிகபட்சம் 50,000 ரூபாய். பெரு நிறுவனம் ஒன்றுக்கு இது ஒரு நாள் தேநீர்ச் செலவாகக்கூட இராது.

புதிய எண்களிலும் ஒரு பொறி உள்ளது. 'புகார்கள்: பூஜ்ஜியம்' என்று எழுதும் நிறுவனம் பெருமைப்பட ஏதுமில்லை. ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் இடத்தில் ஆண்டுதோறும் பூஜ்ஜியமே வருமானால், தவறு நடக்கவில்லை என்பதைவிடப் புகார் செய்து பயனில்லை என்று ஊழியர்கள் கற்றுவிட்டனர் என்பதற்கே வாய்ப்பு அதிகம். முதலீட்டாளர்கள் பூஜ்ஜியத்தைப் பாராட்டத் தொடங்கினால், புகாரைப் பதிவு செய்யாமலே 'பேசித் தீர்க்கும்' பழக்கம் வளரும். அவ்வகையில் நிலுவை எண் ஓரளவு நேர்மையானது. விசாரணையை 90 நாட்களுக்குள் முடிக்கச் சட்டமே கெடு விதித்திருப்பதால், அதைக் கடந்தவை பூஜ்ஜியம் என்றால் அது நற்செய்தியாகவே கொள்ளத்தக்கது. வந்தவை பல, தேங்கியவை இல்லை என்று காட்டும் அறிக்கையே நம்பிக்கைக்குரியது.

ஆண்டறிக்கை என்பதே இல்லாத பணியிடங்கள் இக்கணக்கில் வருவதில்லை. பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் கடைகள், பட்டறைகள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஆகியோருக்குச் சட்டம் காட்டும் வழி மாவட்டத்தின் உள்ளூர் புகார் குழு. மத்திய அரசின் 'ஷீ-பாக்ஸ்' இணையதளத்திலும் புகார் அளிக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பயிற்சி வகுப்பும் இல்லை, அறிவிப்புப் பலகையும் இல்லை. புகார் கொடுத்த பக்கத்து வீட்டுப் பணிப்பெண் மறுநாள் வேலைக்கு வரவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.